இறங்காத மார்பு

மயிலத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் பரந்து கிடக்கிற செம்மண்ணில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையோடு கூடவே இன்னொரு பயிரும் விளைகிறது. அதற்கு மழை வேண்டாம், எரு வேண்டாம். போலீசுக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்று டீக்கடையில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், மறுநாள் காலையில் தெருவுக்கு இரண்டு முளைத்து நிற்கும். அந்தப் பயிருக்குப் பெயர் செலக்சன்காரர்.

செலக்சன்காரர் வேறு, போலீஸ்காரர் வேறு. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். போலீஸ்காரர் வேலைக்குப் போகிறவர். செலக்சன்காரர் வேலைக்குப் போகப்போகிறவர். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டி, வேட்டியைச் சுற்றிக்கொண்டு, நம்மைப் போல் சாதாரண மனிதராகிவிடுவார். செலக்சன்காரருக்கு அந்த வசதி கிடையாது. தலையில் இல்லாத தொப்பியை எப்படிக் கழற்றுவது?

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். பின்கழுத்தில் நாலு விரல் உயரத்துக்கு மயிரை ஒட்ட வழித்து, உச்சியில் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்து, காக்கி அரைக்கால்சட்டை ஒன்று தைத்து, வீட்டில் வடித்த கஞ்சியை மனிதர் குடிக்கவிடாமல் அந்தச் சட்டைக்கே ஊற்றி, தகரம் மாதிரிக் காயவைத்து மாட்டிக்கொண்டு, விடியற்காலையில் ரயில்வே கேட் வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்து, எதிரே வருகிற ஏர்மாட்டைப் பார்த்து "ஆல்ட்!" என்று அதட்டி, அது நிற்காமல் போனால் அதையும் ஒரு குற்றமாக மனத்தில் குறித்துக்கொள்கிறவரை நீங்கள் பார்த்தால், சந்தேகமே வேண்டாம். அவர்தான். அவரை உட்காரச் சொல்லாதீர்கள். உட்கார்ந்தால் மடிப்பு உடைந்துவிடும்.

போலீசுதான் வேண்டும் என்றும் இல்லை. சீனாக்காரன் சண்டை வந்து போன பிறகு மிலிட்டரிக்கும் ஆள் எடுத்தார்கள். ரயில்வேக்கு எடுத்தார்கள், நெருப்பணைக்கிறதுக்கு எடுத்தார்கள், காட்டிலாகாவுக்கு எடுத்தார்கள். எந்தக் கோயிலாக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுகிற பக்தரைப் போல, காக்கி என்றால் போதும், செலக்சன்காரர் வரிசையில் நின்றுவிடுவார்.

இந்த இனத்தில் ஒருவரைப் பார்த்தால் எல்லாரையும் பார்த்த மாதிரி. ஆகவே சின்னதுரையைப் பார்ப்போம்.

சின்னதுரை எட்டாம் வகுப்பு தேறியவன். மயிலம் மலைக்கோயில் கோபுரம் தெரிகிற தூரத்தில் அவன் ஊர். அப்பா கண்ணையனுக்கு மூன்று காணி மல்லாட்டை நிலம். நல்ல உயரம், நல்ல கால், நல்ல மனசு. சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டான். அதுதான் வினையாகப் போயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கடலூரில் போலீசுக்கு ஆள் எடுத்தபோது சின்னதுரை போனான். உயரம் சரியாக இருந்தது, ஓட்டமும் சரியாக இருந்தது. மார்பு அரை அங்குலம் குறைந்துவிட்டது. அளந்த ஏட்டு இரக்கப்பட்டு முதுகில் தட்டினார்.

"நெஞ்ச நல்லா நிமித்திக்கினு வா தம்பி. அடுத்த தபா பாக்கலாம்."

வேறு யாராவதாக இருந்தால் உடம்பைத் தேற்றிக்கொண்டு வரச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். சின்னதுரை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நிமித்திக்கினு வா என்றால் நிமித்திக்கினுதானே வர வேண்டும்? அங்கேயே, அந்த மைதானத்திலேயே, மூச்சை உள்ளே இழுத்தான். நிமிர்ந்த நெஞ்சோடு பஸ் ஏறினான், நிமிர்ந்த நெஞ்சோடு ஊர் எல்லையில் இறங்கினான், நிமிர்ந்த நெஞ்சோடு கூழ் குடித்தான், படுத்தான், எழுந்தான். மூன்று வருஷமாக இறக்கவே இல்லை.

மனிதன் மூச்சு விடாமல் இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் கொஞ்சம் மூக்கு வழியாகப் போய் வந்துகொண்டுதான் இருந்தது, வீட்டில் கொல்லைக்கதவு இடுக்கு வழியாகப் பூனை போய் வருகிற மாதிரி. தெருக்கதவுதான் திறக்கவில்லை.

இதில் ஒரு சங்கடம். பேசினால் காற்று வெளியே போய்விடும். ஆகவே சின்னதுரை பேச்சைக் குறைத்தான். அம்மா முனியம்மாள் பட்ட பாடு கொஞ்சமா?

"டேய், கூழு ஊத்தட்டுமா?"

"ம்."

"வெங்காயம் போதுமாடா?"

"ம்."

"டேய், மாடு அவுத்துக்கினு ஓடுதுடா!"

"ம்."

கிருத்திகை தோறும் மலையேறி முருகனைக் கும்பிடுவான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சாஷ்டாங்கமாக விழுந்தால் நெஞ்சு மட்டும் தரையில் படும். இந்தப் பக்கம் மூக்கும் அந்தப் பக்கம் கால் கட்டைவிரலும் அந்தரத்தில் நிற்கும். தொட்டில் மாதிரி இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு எழுந்திருப்பான். சுவாமி முன்னாலாவது இறக்கக்கூடாதா என்று முனியம்மாள் கேட்டாள். "அளவு," என்றான் சின்னதுரை.

மரக்காணத்துப் பக்கமிருந்து கருவாட்டுக்கூடையோடு வெள்ளையம்மாள் வருவாள். செலக்சன்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: வழியில் போகிற மூட்டை எதுவானாலும் நிறுத்தி விசாரிக்க வேண்டும். சின்னதுரை குறுக்கே கையை நீட்டினான்.

"உள்ள இன்னா?"

"போலீசு ஐயாவா? கும்புடறேன் சாமி. கருவாடுதான். வேணும்னா மோந்து பாத்துட்டு எழுதிக்குங்க."

கூடையை மூக்குக்குக் கீழே தூக்கிப் பிடித்துவிட்டாள். சின்னதுரை கடமை தவறாதவன். நன்றாக, ஆழமாக மோந்து பார்த்தான். மோந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது, உள்ளே போனதை வெளியே விடுகிற வழக்கம் தனக்கு இல்லை என்பது. அந்தக் கருவாட்டு வாசனை எத்தனை நாள் உள்ளே இருந்ததோ, அவனுக்கும் முருகனுக்கும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை தோறும் மயிலம் கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கிற தேவநாதன் முன்னால் போய் நிற்பான். தேவநாதன் கழுத்தில் தொங்குகிற டேப்பை எடுத்து அளப்பார்.

"முப்பத்தி நாலு. போன வாரமும் அதான். அதுக்கு முந்தின வாரமும் அதான். கல்தூண அளந்தாக்கூட வெயிலுக்குக் கொஞ்சம் ஏறி எறங்கும் போல இருக்குதுப்பா."

சின்னதுரைக்கு ஒரே சந்தோஷம். வேண்டியது முப்பத்திரண்டுதான். இரண்டு அங்குலம் கூடவே கையில் இருக்கிறது என்று திரும்பி வருவான்.

இதெல்லாம் விளையாட்டாகவே போய்க்கொண்டிருந்திருக்கும், அஞ்சம்மாள் என்று ஒருத்தி இல்லாமல் இருந்திருந்தால்.

அஞ்சம்மாள் சின்னதுரையின் தாய்மாமன் ராஜாங்கத்தின் மகள். அவள் சின்னதுரைக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்தே இரண்டு வீட்டிலும் பேச்சு. ஆனால் ராஜாங்கத்துக்கு ஒரு ஆசை. சந்தையிலும் சாவடியிலும் நாலு பேர் கேட்க அதைச் சொல்லியும் வைத்துவிட்டார்: "எம் பொண்ணு காக்கி போட்ட மாப்பிள்ளைக்குத்தான்." சொன்ன பிறகு மாற்றிக்கொள்ள அவருக்கு வெட்கம். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தார். அந்த வருஷம் அக்காவைத் தேடி வந்து முடிவாகப் பேசிவிட்டார்.

"அக்கா, இந்தத் தபா மல்லாட்ட புடுங்கறதுக்குள்ள உம் புள்ள போலீசு ஆவணும். இல்லன்னா அனந்தபுரத்துல மளிகைக்கடை வெச்சிருக்கிற பையன் வூட்ல கேக்கறாங்க. குடுத்துடுவேன். அப்புறம் என்ன வெய்யாத."

"மளிகைக்கடக்காரன் காக்கியா போட்டுக்கினு இருக்கான்?" என்றாள் முனியம்மாள்.

"அவன் தம்பி தபாலாபீசுல இருக்கான்கா. அவன் போடறான்."

அதே மாதம் விழுப்புரத்தில் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தாக்கீது வந்தது. வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். சின்னதுரைக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது. இது போனால் போலீசும் இல்லை, அஞ்சம்மாளும் இல்லை. முனியம்மாள் மலையைப் பார்த்துக் கும்பிட்டு நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டாள்.

தேர்வு நாளன்று நூலும் பித்தானும் வாங்குகிற சாக்கில் தேவநாதனும் கூடவே ரயில் ஏறினார். விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றது. நின்றதும் அடிவயிற்றிலிருந்து புஸ்ஸென்று வெள்ளையாக ஆவியை விட்டது.

"அம்மாம் பெரிய எஞ்சினே மூச்ச வுட்டுட்டு நிக்குது பாரு," என்றார் தேவநாதன். "நீயும் கொஞ்சம் வுட்டுட்டுப் போயேன்."

"ம்ஹும்."

மைதானத்தில் நானூறு பேர். நானூறு கழுத்துகளும் ஒரே மாதிரி வழிக்கப்பட்டிருந்தன. உயரத்தில் சின்னதுரை தேறினான். ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தான். மூச்சுவிடாதவன் எப்படி ஓடினான் என்று என்னைக் கேட்காதீர்கள், அது முருகன் செயல். கடைசியில் மார்பு அளக்கிற இடத்துக்கு வந்தான். அங்கே மேசை போட்டு அதிகாரி ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். சவுரிராயன் என்கிற பெரிய மீசை ஏட்டு டேப்பும் கையுமாக நின்றார்.

"சட்டையைக் கழட்டு. கையத் தூக்கு. முப்பத்தி நாலு, சார்."

அதிகாரியே தலையை நிமிர்த்திப் பார்த்தார். இழுக்காமலே முப்பத்து நாலா! சின்னதுரைக்கு அந்த நிமிஷத்தில் அஞ்சம்மாள் கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தது.

"ஆளு தேக்குமரம் மாதிரி இருக்கான் சார்," என்றார் சவுரிராயன். "சரி தம்பி, இப்ப மூச்ச இழு."

"இழுத்தாச்சுங்க."

"எப்ப இழுத்த?"

"கடலூர்லீங்க. மூணு வருஷம் ஆவுதுங்க."

வரிசையில் நின்ற பத்துப் பதினைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் அவர்களுடைய மூச்சு போயிற்று. பாவம், அவர்களும் மறுபடி இழுக்க வேண்டியதாயிற்று.

"அட, இன்னாப்பா பேஜாரா இருக்குது ஒங்கூட. சரி, அப்பன்னா வுடு. மொதல்ல மூச்ச வுடு. வுட்டுட்டு இழு. ரெண்டு அங்குலம் விரியணும். அதான் ரூலு."

சின்னதுரை விடப் பார்த்தான். தொண்டையில் சொல்லிப் பார்த்தான், வயிற்றில் சொல்லிப் பார்த்தான். உள்ளே இருந்த காற்றுக்கு வெளியே போகிற வழி மறந்துவிட்டது. கண் பிதுங்கியது. காது சிவந்தது. நெஞ்சு இறங்கவில்லை.

"ஜல்தி வுடு தம்பி. இருமு. தும்மு. எதனா ஒண்ணு பண்ணு!"

சவுரிராயன் நல்ல மனுஷர். அக்குளில் விரலை விட்டுக் கிச்சுகிச்சு மூட்டிக்கூடப் பார்த்தார். காலமெல்லாம் நிமிர்ந்து நின்று பழகின நெஞ்சு, ஒரு ஏட்டு விரலுக்கா மசியும்?

"முப்பத்தி நாலு, முப்பத்தி நாலு," என்றார் கடைசியில், குரல் இறங்கி. "விரிவு சைபர், சார்."

அதிகாரி பேனாவால் ஒரு கோடு போட்டார். "போய்ட்டு வாப்பா," என்றார்.

கடலூரில் சொன்ன 'வா'வுக்கு அர்த்தம் இருந்தது. இந்த 'வா'வுக்கு அர்த்தம் இல்லை என்பது சின்னதுரைக்குக்கூட விளங்கிவிட்டது.

மயிலம் ஸ்டேஷனில் இறங்கி மலையடிவாரம் வருகிற வரைக்கும் தேவநாதன் பின்னாலேயே நடந்து வந்தார். வழித்த கழுத்தைப் பார்த்தே சேதியைத் தெரிந்துகொண்டார். நல்ல செய்தி வந்தால் உடனே உடைத்துவிட வேண்டும் என்று முனியம்மாள் தேங்காய் மூட்டையோடு கோயில் படியில் காத்திருந்தாள். கையில் தட்டு, தட்டில் எரிகிற கற்பூரம். பக்கத்தில் ராஜாங்கம். அவருக்குப் பின்னால் அஞ்சம்மாள்.

அஞ்சம்மாள்தான் படியிறங்கி வந்தாள்.

"மாமா, இன்னா ஆச்சு?"

"ஆவல."

"அவ்ளோதானா? ஆவல. ஒரு சொல்லு. மூணு வருஷமா எங்கிட்ட ம், ம்ஹும், அளவு, இத வுட்டு ஒரு பேச்சு பேசி இருக்கியா நீ? நாளன்னிக்கு அனந்தபுரத்துக்காரங்க வந்து எங்க வூட்டுப் பாயில ஒக்காருவாங்க. தட்டத் தூக்கிக்கினு வந்து நிக்கப் போறவ நானு. நான் தலைய ஆட்டறதா வேணாமா? நீ போலீசு ஆனா எனக்கு இன்னா, ஆவாட்டி எனக்கு இன்னா? அத மட்டும் வாயத் தொறந்து சொல்லு. சொன்னா காத்து போயிடுமா? போவட்டுமே! அத வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற இனிமே?"

அதைத்தான் அவன் யோசித்துப் பார்த்ததே இல்லை. இனிமேல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சின்னதுரை வாயைத் திறந்தான்.

முதலில் ஒரு சின்ன சத்தம், கதவுத் தாழ் துருவேறித் திறக்கிற மாதிரி. பிறகு வந்தது. கடலூரில் இழுத்தது, ரயில்வே கேட் வரைக்கும் ஓடி ஓடிச் சேர்த்தது, மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடியபோது சொல்லாமல் விட்டது, எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டு வந்தது. ராஜாங்கத்தின் மேல்துண்டு பறந்தது. முனியம்மாள் தட்டிலிருந்த கற்பூரம் அணைந்தது. எங்கிருந்தோ லேசாகக் கருவாட்டு வாசனை கூட வந்ததாகத் தேவநாதன் பிற்பாடு சத்தியம் செய்தார். காற்றுக்குப் பின்னாலேயே பேச்சும் வந்தது.

"வேணாம் அஞ்சம்மா, நீ தலைய ஆட்டாத, எனக்கு ஒன்ன வுட்டா யாரும் வேணாம், டீக்கா காக்கி போட்டுக்கினு வந்து ஒங்கப்பன் எதிர்ல நின்னு கேக்கலாம்னு நெனச்சிக்கினு இருந்தேன், அதுவரைக்கும் வாயத் தொறந்தா எல்லாம் போயிடும்னு பயந்துக்கினு இருந்தேன், அந்த ஏட்டய்யா வுடுடா வுடுடான்னு கெஞ்சுறாரு, எனக்கு எப்பிடி வுடறதுன்னே மறந்து பூடுச்சி, எம்மா, அன்னிக்கு மாடு ஓடிச்சே, எனக்குத் தெரியும்மா, மன்னிச்சிக்கம்மா..."

முனியம்மாள் அழுதுகொண்டே கற்பூரத்தை மறுபடி ஏற்றினாள். கற்பூரம் அணைந்தால் ஆகாது என்பார்கள். அன்று யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

தேவநாதன் மட்டும் கழுத்திலிருந்த டேப்பை உருவி, பேசிக்கொண்டிருந்தவனைச் சுற்றிப் பிடித்தார்.

"முப்பத்திரண்டு! டேய், இப்ப இழு."

இழுத்தான்.

"முப்பத்தி நாலு! சரியா ரெண்டு அங்குலம். அடப்பாவி, இத அங்கே காட்டி இருக்கக்கூடாதா?"

விழுப்புரத்தில் மேசையை மடித்துக் கட்டியிருப்பார்கள். எல்லாரும் ராஜாங்கத்தைப் பார்த்தார்கள். அவர் மேல்துண்டைப் பொறுக்கி உதறினார்.

"நான் நாலு பேர்ட்ட சொன்னவன்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "காக்கி போட்ட மாப்பிள்ளன்னு."

"காக்கிதானே வேணும்?" என்றார் தேவநாதன். "திண்டிவனத்து பஸ்காரருக்கு நான்தான் உடுப்பு தெக்கிறேன். ஒரு கண்டக்டர் வேணும்னு போன வாரம் சொன்னாரு. எட்டாவது படிச்சிருந்தாப் போதுமாம்."

"நான் சொன்ன காக்கி வேறய்யா."

"வேறயா? எங்கடைக்கு வந்து பாருங்க. போலீசுக்கும் அந்தத் துணிதான், கண்டக்டருக்கும் அந்தத் துணிதான். ஒரே பீசுல வெட்றேன். துணிக்கே தெரியாது, நீங்க எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க?"

ராஜாங்கம் அஞ்சம்மாளைப் பார்த்தார். அஞ்சம்மாள் யாரும் சொல்லாமலே ஒரு தேங்காயை எடுத்து உடைத்துவிட்டாள். மீதி நூற்றேழையும் உடைக்காமல் வேறு என்ன செய்ய முடியும்?

திண்டிவனத்தில் பஸ் முதலாளி பெரிய பரீட்சை ஒன்றும் வைக்கவில்லை. ஒரு விசிலைக் கையில் கொடுத்து, "ஊது, பாக்கலாம்," என்றார். அந்த உத்தியோகத்துக்கு மூச்சை இழுத்து வைத்துக்கொண்டிருந்தால் பயனில்லை, விட்டால்தான் வண்டி நகரும். சின்னதுரை ஊதினான். புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்த மூன்று பஸ்கள் நின்றன. ரயில் வருகிறதென்று கேட்டை அந்தாண்டை யாரோ சாத்திவிட்டார்கள் என்றுகூடப் பேச்சு, அதை நம்ப வேண்டியதில்லை.

மல்லாட்டை பிடுங்கி முடித்த மறு வாரம் மயிலம் மலையில் கல்யாணம் நடந்தது. புதுக் காக்கியில்தான் மாப்பிள்ளை வர வேண்டும் என்று ராஜாங்கம் பிடிவாதம் பிடித்தார். தாலி கட்டியதும் இருவரும் சுவாமி முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். மூக்கும் தரையில் பட்டது, கால்விரலும் தரையில் பட்டது. ஆட்டமே இல்லை.

சின்னதுரை கதை முடிந்தது. ஆனால் அந்தப் பயிர் இன்னும் நிலத்தில் நிற்கிறது. காக்கி போட்டால்தான் செலக்சன்காரர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அது தப்பு. அடுத்த வருஷம் சங்கத்தில் தலைவர் ஆகப்போகிறோம் என்று இந்த வருஷமே யாருக்கும் பதில் கும்பிடு போடாதவரும் இந்த இனம்தான். மகனுக்கு உத்தியோகம் கிடைக்கட்டும், அப்புறம் பெண்டாட்டியிடம் நாலு வார்த்தை அன்பாகப் பேசலாம் என்று இருபது வருஷமாக "ம்" போட்டுக்கொண்டிருப்பவரும் இதே இனம்தான். எப்போதோ, எந்த மைதானத்திலோ, யாரோ ஒருவர் போகிற போக்கில் நிமிர்த்திக்கொண்டு வரச் சொல்லியிருப்பார். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான், தெரியும். இருந்தாலும் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு தடவை உங்கள் நெஞ்சைக் குனிந்து பாருங்கள். கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் மெல்ல விட்டுப் பாருங்கள். எதிரே கற்பூரம் எரிந்தால் மட்டும், தயவுசெய்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுங்கள்.